பளபளப்பாக வந்த ஆயிரத்து இருநூறு பைகள்

நம்முடைய வேலையில் விட்ட பிழை அன்றைக்கே தெரியவந்தால் அதை அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். நான் விட்ட பெரிய பிழை இருபத்து மூன்று நாள் பளபளப்பாக இருந்தது. அத்தனை நாளும் எல்லோரும் என்னைப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள்.

மெஷினைப் பற்றி, புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்குச் சொல்லித்தர இங்கே ஆட்கள் இருக்கிறார்கள். எந்தச் சூட்டில் எதை உருக்குவது என்பதெல்லாம் சுவரில் ஒட்டியிருக்கிறது. ஓய்வுபெற்றுப் போன நான் வந்து அதையே திருப்பிச் சொல்வதில் பயனில்லை. நான் பயந்து நடுங்கிய ஒரு மாதத்தைப் பற்றிச் சொல்கிறேன். அது உங்களுக்கு எங்காவது உதவலாம்.

போர் ஓய்ந்திருந்த சமாதான காலத்தின் இரண்டாம் வருடம். யாழ்ப்பாணம் போகும் ஏ-ஒன்பது வீதி திறந்திருந்தது. வன்னியில், கனகராயன்குளத்தில், கூரை மட்டும் தப்பியிருந்த ஒரு பழைய நெல்லுக் களஞ்சியத்தில், வெளிநாட்டு உதவித் திட்டம் ஒன்று சிறியதொரு பை ஊதும் மெஷினைக் கொண்டுவந்து இறக்கியது. மண்ணில் மக்கிப்போகும் நாற்றுப் பை செய்வதற்கான மெஷின். கொழும்பில் பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் பதினான்கு வருடம் வேலைசெய்த என்னைப் பொறுப்பாகப் போட்டார்கள். என்னோடு வேலைசெய்தவர் யோகண்ணை. அரிசி மில்லில் மெக்கானிக்காக இருந்தவர், ஐம்பது வயது தாண்டியவர். என்னை "மிஸ்" என்றுதான் கூப்பிடுவார். மெஷினின் சத்தத்தை வைத்தே அதன் உடம்புக்கு என்ன என்று சொல்லிவிடுவார்.

எங்களுக்கு வந்த முதல் பெரிய வேலை முல்லைத்தீவுப் பக்கம் தண்ணீரூற்று என்ற ஊரிலிருந்து. தொண்ணூறில் இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்திருந்த முஸ்லிம் குடும்பங்கள் பதினான்கு. கண்ணிவெடி அகற்றி முடித்த மணற்காணி அவர்களுக்குக் கிடைத்திருந்தது. அதில் கஜு வைக்கப் போகிறார்கள். மரமுந்திரிகை என்று புத்தகத்தில் எழுதினாலும் அங்கே எல்லோர் வாயிலும் அது கஜுதான். அந்தக் கன்றுக்கு ஆணிவேர் ஒன்று நேராக இறங்கும். அதை அசைத்தால் கன்று பிழைக்காது. அதனால் பையைக் கிழிக்காமல் பையோடேயே நட வேண்டும். எங்கள் பை அதற்காகவே பிறந்ததுபோல இருந்தது.

நாற்றுமேடைக்குப் பொறுப்பு றஹீமா அக்கா. மெலிந்த, உயரமான மனுசி. எதையும் இரண்டு முறை சொல்ல மாட்டா. விதைக் கொட்டைகளைப் புத்தளத்திலிருந்து அவவே தெரிந்தெடுத்துக் கொண்டுவந்திருந்தா. கொட்டை வந்துவிட்டது, நாள் போனால் முளைதிறன் போய்விடும், பை எப்போது என்று கேட்டு ஆளனுப்பினா. அந்த மாரியில் நடாவிட்டால் காணி கைமாறிவிடும் என்று ஒரு கதையும் ஊரில் அடிபட்டது. உண்மையோ பொய்யோ, அந்தக் குடும்பங்கள் அந்தப் பயத்தில்தான் இருந்தன.

எங்கள் மூலப்பொருள் இரண்டு பல்பகுதியங்களின், அதாவது பொலிமர்களின், கலவை. ஒன்று விறைப்பானது, மற்றது இழுபடுவது. இரண்டும் மணி மணியாக மூட்டையில் வரும். உருக்குவதற்கு முன் நான்கு மணி நேரம் உலர்த்தியில் காய வேண்டும். ஈரம் இருந்தால், உருகும்போது அந்த ஈரம் உள்ளே இருக்கும் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளைத் துண்டு துண்டாக வெட்டிவிடும். இது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்தக் கிழமை எங்கள் டீசல் ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்டவில்லை. ஜெனரேற்றரில் இருந்த டீசல் உலர்த்தவும் ஊதவும் சேர்த்துப் போதாது. ஒரு மணி நேரம் காய்ந்தால் போதும் என்று நான் முடிவெடுத்தேன்.

பொருள் தண்ணியாக வந்தது. அதைக் காற்றால் ஊதி மேலே எழுப்பும் படலக் குமிழ் நிற்க முடியாமல் ஆடியது. யோகண்ணை கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"மிஸ், இது சீனிப்பாணி மாதிரி ஓடுது. நிப்பாட்டுவம்."

நான் நிறுத்தவில்லை. குளிர்காற்று விசிறியை முழு வேகத்தில் திறந்தேன். குமிழ் உடனே இறுகி நின்றது. வந்த படலம் அதுவரை நாங்கள் செய்த எதையும் விடப் பளபளப்பாகவும், தொட்டால் பட்டுப்போல மென்மையாகவும் இருந்தது. யோகண்ணையிடம் அதைக் கசக்கிக் காட்டினேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். ஆயிரத்து இருநூறு பை. மூன்றாம் நாள் தண்ணீரூற்றுக்குப் போய்ச் சேர்ந்தது. நல்ல பை என்று றஹீமா அக்கா சொல்லியனுப்பினா.

படித்துவிட்டு வந்தவர்களுக்கு இந்த இடத்தில் விளங்கியிருக்கும். விளங்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். உருகிய சங்கிலிகள் ஆறும்போது அங்கங்கே வரிசையாக அடுக்கிக்கொள்ளப் பார்க்கும். அந்த அடுக்குகள்தான் பளிங்கு. மெதுவாக ஆறவிட்டால் அடுக்க வேண்டியதை மெஷினிலேயே அடுக்கிவிடும், பிறகு மாறாது. சடுதியாகக் குளிரவைத்தால் அடுக்க நேரமில்லாமல் அப்படியே உறைந்துபோகும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் வேலை முடியவில்லை. வெயில் ஏற ஏற, விட்ட இடத்திலிருந்து மெல்ல மெல்ல அடுக்கத் தொடங்கும். சங்கிலிகள் துண்டுபட்டிருந்தால் இன்னும் விரைவாக அடுக்கும், அடுக்குகளை ஒன்றோடொன்று கட்டிவைக்க நீண்ட சங்கிலியும் இருக்காது. பை அப்பளமாகிவிடும்.

இருபத்து மூன்றாம் நாள், களஞ்சியத்தின் யன்னல் ஓரம் மாதிரிக்கென்று வைத்திருந்த பையைத் தற்செயலாக எடுத்தேன். மங்கி வெளிறியிருந்தது. விரித்தேன். மடித்த இடத்தில் நேர்கோடாகப் பிளந்தது. இன்னொன்றை எடுத்தேன். அதுவும். நிழலில் அலுமாரிக்குள் இருந்த ஒன்றை எடுத்தேன். அது மடிந்தது, ஆனால் முன்பிருந்த மென்மை இல்லை. சுடுதண்ணீரில் ஒரு துண்டைப் போட்டேன். தேநீர் குடித்து முடிக்கும் நேரத்துக்குள் வெளிறிப்போனது.

மழைக்கு இன்னும் ஐந்து கிழமை இருந்தது.

அடுத்த ஒன்றரை நாள் நான் என்ன செய்தேன் என்பதைத்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஒன்றும் செய்யவில்லை. அதாவது, நிறையச் செய்தேன். துண்டுகளை வெட்டினேன், வெயிலில் வைத்தேன், நிழலில் வைத்தேன், நேரம் குறித்தேன், கொப்பியில் எழுதினேன். பரிசோதனை செய்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில் நாற்றுமேடை நிழலாகத்தான் இருக்கும், ஒன்றும் நடக்காது என்று சொல்லக்கூடிய ஒரு முடிவைத் தேடிக்கொண்டிருந்தேன். சாப்பாடு இறங்கவில்லை. யாராவது மோட்டார்சைக்கிளில் வாசலில் வந்து நின்றால் தண்ணீரூற்றிலிருந்து செய்தி வந்துவிட்டது என்று எழும்பி யன்னலால் பார்த்தேன். இரண்டாம் நாள் பின்னேரம் யோகண்ணை என் மேசைக்கு வந்து, கொப்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். விடிய ஐந்து மணிக்கு மோட்டார்சைக்கிளோடு வாறன் என்று மட்டும் சொன்னார்.

மாங்குளத்தில் திரும்பி ஒட்டுசுட்டான் வழியாகப் போனோம். அந்த வீதியின் பள்ளங்களை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒவ்வொரு குலுக்கலிலும், நடும் நாளில் ட்ரக்டர் பெட்டிக்குள் அடுக்கப்போகும் பைகளைத்தான் நினைத்தேன். நாற்றுமேடையிலிருந்து காணிக்கு நான்கு மைல்கட்டை தூரம், அந்த வீதியும் இப்படித்தான் இருக்கும். போகும் வழி முழுக்க, எப்படிச் சொல்வது என்று வசனங்களைக் கட்டிக் கட்டிக் கலைத்தேன்.

ஏழரைக்குப் போய்ச் சேர்ந்தோம். தென்னோலைக் கிடுகுப் பந்தலின் கீழே பைகள் வரிசை வரிசையாக நின்றன. எல்லாவற்றிலும் முளை வந்து, செம்பு நிறத்தில் இரண்டு மூன்று இலை. றஹீமா அக்கா பூவாளியை வைத்துவிட்டு வந்து, இருங்கோ தேத்தண்ணி போடுறன் என்றா. நான் நடு வரிசையில் ஒரு பையைத் தூக்கிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அடுத்ததும் நன்றாக இருந்தது. அப்போது என் மனம் போன போக்கை மறைக்காமல் சொல்கிறேன். சும்மா பார்க்க வந்தோம் என்று சொல்லித் தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விடலாம் என்று நினைத்தேன்.

கிழக்கு ஓரத்தில், காலை வெயில் படும் வரிசையில், மூன்றாவது பையைத் தூக்கினேன். அடி கழன்றது. மண் முழுவதும் என் காலில் கொட்டியது. கையில் கன்றும், அதன் கீழே வெள்ளையாக நீண்ட, நுனி முறிந்த ஒற்றை வேரும் இருந்தன.

றஹீமா அக்கா தேநீரோடு வந்து நின்றதை நான் காணவில்லை. அவவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். ஈரம், டீசல், விசிறி, யோகண்ணை நிறுத்தச் சொன்னது, நான் நிறுத்தாதது. பையை ட்ரக்டரில் ஏற்றினால் காணிக்குப் போய்ச் சேராது என்றும் சொன்னேன். அவ தேநீரைக் கீழே வைத்தா. முடிந்த பிறகு கேட்டா:

"உங்களுக்கு எப்ப தெரிஞ்சது?"

"முந்தநாள் காலமை, அக்கா."

"முந்தநாள் வந்திருந்தா ரெண்டு நாள் மிச்சம் தங்கச்சி."

அவ்வளவுதான் சொன்னா. ஏசியிருந்தால் நான் அதை இத்தனை வருடம் நினைவில் வைத்திருக்க மாட்டேன்.

பிறகு அவ, எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டா. தெரியாது என்றேன். தெரியாதென்றால் தெரிந்ததைச் சொல்லுங்கோ என்றா. அந்த ஒரு வார்த்தையில்தான் என் தலை வேலைசெய்யத் தொடங்கியது. எனக்குத் தெரிந்தவை சொற்பம். சூடு பட்டது முதலில் போகும். இன்றைக்குத் தூக்கினால் சில பைகள் உடையும், இரண்டு கிழமை கழித்துத் தூக்கினால் அனேகமாக எல்லாம் உடையும். ஆகவே தூக்குவதென்றால் இன்றைக்கே தூக்க வேண்டும், தூக்கி வைத்த பிறகு நடும் நாள்வரை ஒரு பையையும் தனியாகத் தொடக் கூடாது. அதற்கு ஏதாவது பெட்டி வேண்டும்.

பெட்டி என்றதும் அவ யோசிக்கவே இல்லை. அவவின் தம்பி முல்லைத்தீவில் மீன் வியாபாரம் செய்தார். பலகையில் அடித்த மீன் பெட்டிகள் அறுபது வேண்டும் என்று ஆளனுப்பினா. ஒரு பெட்டியில் இருபது பை நெருக்கமாக நிற்கும். ஒன்றை ஒன்று தாங்கும். காணியில் ஒரு பக்கப் பலகையைக் கழற்றி, தகரத் துண்டில் வைத்துக் குழிக்குள் இறக்கலாம். இது முழுக்க அவவின் யோசனை.

எங்களுக்குள் தகராறு வந்தது நேரத்தில்தான். கன்றைக் குளிர்ந்த நேரத்தில்தான் தொட வேண்டும், இப்போதே தொடங்குவோம் என்றா. தோட்டக்காரர் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். நான் வேண்டாம், மதியம் தூக்குவோம் என்றேன். பந்தலின் கீழே நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பையைக் கெடுத்தவள், இப்போது கன்றையும் வாட்டச் சொல்கிறாள்.

என் நியாயம் இதுதான். நாட்கணக்கில் பார்த்தால் சூடு அந்தப் பைக்கு எதிரி. ஆனால் தூக்கும் அந்த நிமிடத்தில் சூடுதான் துணை. குளிர்ந்திருக்கும்போது வெடிக்கும் பொருள், வெதுவெதுப்பாக இருக்கும்போது கொஞ்சம் வளைந்து கொடுக்கும். ஆனால் இருபத்தைந்து நாளைக்கு முன்பும் நான் நிச்சயமாகத்தான் பேசினேன்.

றஹீமா அக்கா வாதாடவில்லை. எட்டு மணிக்கு ஓர வரிசையில் ஐந்து பையைத் தூக்கச் சொன்னா. மூன்று பிளந்தன. அதே வரிசையில் இன்னும் ஐந்தைக் குறித்துவைத்தா. பதினொரு மணிக்கு அவற்றைத் தூக்கினோம். ஒன்றுதான் பிளந்தது. ஐந்தும் ஐந்தும் ஒரு பரிசோதனையா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் அன்றைக்கு எங்களிடம் இருந்தது அவ்வளவுதான். அதை வைத்து அவ முடிவெடுத்தா.

மீன் பெட்டிகள் வந்தபோது அவற்றில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. உப்பு வேரில் பட்டால் கன்று கருகும். கிணற்றடியில் யோகண்ணையும் ஆறு பெண்களும் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவினார்கள். கழுவி முடியுமுன் மதியம் தாண்டிவிடுமோ என்று நான் கிணற்றுக்கும் பந்தலுக்குமாக நடந்தேன். யோகண்ணை ஒரு கட்டத்தில் நிமிர்ந்து, "மிஸ், நடக்கிறதுக்கு ஒரு பெட்டி கழுவலாம்" என்றார். நான் உட்கார்ந்து கழுவினேன்.

பன்னிரண்டு மணிக்குத் தூக்கத் தொடங்கினோம். ஒரு பைக்கு இரண்டு பேர், நான்கு கை, அடியில் தகரம். இடைக்கிடை 'டப்' என்று ஒரு சத்தம் கேட்கும், மண் கொட்டும், எல்லோரும் ஒரு கணம் நிற்பார்கள், பிறகு தொடர்வார்கள். அந்தச் சத்தம் ஒவ்வொன்றும் எனக்கு எண்ணிக்கையாக விழுந்தது. மூன்றரைக்கு முடிந்தது. இருநூற்றுக்குக் கிட்டப் போயிருந்தன. மிச்சம் ஆயிரமும் பெட்டிகளில் நின்றன.

அதோடு தீரவில்லை. பெட்டிகளை ஈரச் சாக்கால் மூடிக் குளிர்ச்சியாக வைக்க வேண்டும். ஆனால் ஈரம் கூடினால் அந்தப் பை மக்கத் தொடங்கும், அதற்காகத்தானே செய்தது. குறைந்தால் வெக்கையில் வெடிக்கும். எவ்வளவு தண்ணீர் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. கிழமைக்கு இரண்டு தடவை நானும் யோகண்ணையும் போனோம். மழை பிந்தியது. ஐப்பசி பிறந்தும் வானம் வெளுத்தே கிடந்தது. ஒவ்வொரு முறையும் ஓரப் பெட்டிகளில் புதிய கீறல் இருந்தது. ஆனால் ஒன்றை ஒன்று தாங்கிக்கொண்டு நின்றதால் மண் கொட்டவில்லை.

கடைசியில் மழை வந்தது. இரண்டு நாள் விடாமல் பெய்து மணல் குளிர்ந்ததும் நட்டார்கள். காணியில், கண்ணிவெடி அகற்றிய எல்லைக்கு வெள்ளை அடித்து வைத்த கல்லுகளுக்கு உள்பக்கமாக மட்டுமே நடக்க வேண்டும். பெட்டிகளைத் தோளில் சுமந்து போனார்கள். குழிக்குள் இறங்கிய பிறகு பை வெடித்தால் என்ன, வெடிக்காவிட்டால் என்ன. கொண்டுபோகும்போதும் குழியில் இறக்கும்போதும் உடைந்தவை போக, எண்ணூற்றுச் சொச்சம் நட்டு முடிந்தது. பதின்மூன்று காணிக்கும் சரிசமமாகப் பிரித்துக் கொடுத்துவிட்டு, றஹீமா அக்கா தன் காணிக்கு மிஞ்சியதை எடுத்துக்கொண்டா. அதில் பாதிக்கு மேல் கீறல் விழுந்தவை. அவவின் காணி அந்த வருடம் அரைவாசி வெறுமையாகத்தான் கிடந்தது. அதைப் பற்றிக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

திட்டத்துக்கு அறிக்கை எழுதும்போது, போக்குவரத்தில் ஏற்பட்ட சேதம் என்று போடலாமே என்று ஒருவர் நல்ல மனதோடு சொன்னார். உலர்த்தும் நேரத்தைக் குறைத்தது நான், விசிறியைத் திறந்தது நான் என்று எழுதினேன். வீரத்தில் எழுதவில்லை. அடுத்து அந்த மெஷினில் நிற்பவர் வீதியைத் திருத்திவிட்டு அதே பையைச் செய்யக் கூடாது என்ற பயத்தில் எழுதினேன்.

பின்னர் சண்டை திரும்பவும் வந்தது. களஞ்சியமும் மெஷினும் போயின, நாங்கள் எல்லோரும் திசைக்கொருவராகச் சிதறினோம். அந்த மரங்களில் எத்தனை நிற்கின்றன என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

ஆனால் நட்டதற்கு அடுத்த வருடம் நடந்ததைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். வெறுமையாகக் கிடந்த குழிகளுக்காகப் புதிய பை செய்தோம். நான்கு மணி நேரம் முழுதாக உலர்த்தி, விசிறியைக் குறைத்து, மெதுவாக ஆறவைத்து. மங்கலாக, பார்ப்பதற்கு அழகில்லாமல் வந்தது. றஹீமா அக்கா இதற்குள் சாதாரணப் பொலித்தீன் பைக்கே மாறியிருப்பா என்று நினைத்துக்கொண்டுதான் கட்டுகளைக் கொண்டுபோனேன். றஹீமா அக்கா ஒன்றை எடுத்துக் கசக்கினா, மடித்தா, விரித்தா. எப்ப செய்தது என்று கேட்டா. போன கிழமை என்றேன்.

"அப்ப கொண்டு போங்கோ. ஒரு மாசம் வெயிலுக்க வெச்சுட்டுக் கொண்டு வாங்கோ. அப்பவும் இப்பிடி மடிஞ்சா எனக்குத் தாங்கோ."

தேநீர் குடித்துவிட்டுக் கட்டுகளைத் திரும்ப ஏற்றினோம். அதே வீதி, அதே பள்ளங்கள். பொருளைத் திருப்பி அனுப்பியவரிடமிருந்து வருகிறோம் என்ற கவலை என்னிடம் இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. இந்தத் தடவை பிழை இருந்தால், கன்று வைக்குமுன்பே வெயில் சொல்லிவிடும். ஒரு வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் எனக்கு நன்றாகப் பசித்தது.